கணைக்கால் வலிக்கு அக்குபஞ்சர்: தருமபுரி நிலையம் ஒன்றின் மதிப்பீடு

காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓடிப் பழகும் பிள்ளைகள் பலருக்கு ஷின் ஸ்ப்ளிண்ட்ஸ், அதாவது அதிக ஓட்டத்தால் கணைக்கால் எலும்பை ஒட்டி வரும் வலி, வருவதுண்டு. தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் உள்ள இந்தச் சிறிய நிலையத்தைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

முதலில் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். வலி நீளவாக்கில் பரவியிருந்தால்தான் அக்குபஞ்சர் ஊசி. வலி ஒரே புள்ளியில் இருந்தாலோ, ராத்திரி படுத்தும் வலித்தாலோ எலும்பில் கீறல் இருக்கலாம் என்று எலும்பு மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். இந்த ஒரு காரியத்துக்கே பாராட்டலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலும் போகும்.

முழங்காலுக்கு நான்கு விரல் கீழே வெளிப்பக்கம், உள்கணுவுக்கு நான்கு விரல் மேலே என ஊசிகள்; 20 நிமிடம். புது ஊசி, கண்முன் உறை பிரிக்கிறார்கள். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குறை ஒன்று: வீட்டுப் பராமரிப்பைச் சொல்லித் தருவதில்லை. ஊசி வலியைத் தணிக்கலாம், காரணத்தை மாற்றாது. துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம் வையுங்கள். தார்ச்சாலையை விட்டு மண் தரைக்கு மாறுங்கள். வலி அடங்கியதும் குதிகால் உயர்த்தும் பயிற்சி, 15 தடவை வீதம் மூன்று சுற்று. தூரத்தை மெதுவாகக் கூட்டுங்கள். தேர்வு நெருங்குகிறதென்று ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கினால் வலி திரும்பிவிடும்.