பிஏ (ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட்) ஸ்கூலுக்கு முன்னாடி எந்த வேலை: சிஎன்ஏவா, ஸ்க்ரைபா, இஎம்டியா?

எங்க அபார்ட்மெண்ட்ல இருக்க ஒரு தங்கச்சி போன வாரம் வந்து கேட்டா, "அக்கா, எமர்ஜென்சி ரூம்ல ஸ்க்ரைப் வேலை கிடைச்சிருக்கு, சேந்துடவா, இல்ல உங்கள மாதிரி சிஎன்ஏ பண்ணவா?"ன்னு. பிஏன்னா டாக்டரோட சேந்து நோயாளிகளப் பாத்து வைத்தியம் பண்றவங்க, அந்தப் படிப்புல சேர நிறைய ஸ்கூல் முன்னாடியே நோயாளிங்களோட வேலை பாத்த அனுபவம் கேக்கும். சிஎன்ஏன்னா நோயாளிய குளிப்பாட்டி, உடுத்தி, திருப்பிப் படுக்க வைக்கற நர்சிங் உதவியாளர்; ஸ்க்ரைப்னா டாக்டர் நோயாளியப் பாக்கும்போது கூட இருந்து கம்ப்யூட்டர்ல குறிப்பு எழுதறவங்க; இஎம்டின்னா ஆம்புலன்ஸ்ல முதலுதவி பண்றவங்க. அவகிட்ட சொன்னதத்தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன். நான் இருக்கறது அமெரிக்கால நார்த் கரோலினால. ஸ்க்ரைபா ஆறு மாசம், சிஎன்ஏவா ரெண்டு வருஷத்துக்கு மேல வேலை பாத்திருக்கேன். என் ஓட்டு சிஎன்ஏவுக்குத்தான், அத முதல்லயே சொல்லிடுறேன்.

சம்பளத்த வச்சு முடிவு பண்ணாதீங்க, எதுலயும் பெருசா வராது. ட்ரெயினிங்னு பாத்தா சிஎன்ஏக்கு ஃபெடரல் ரூல்படி குறைஞ்சது 75 மணி நேரம், பல ஸ்டேட்ல அதுக்கு மேலயும் கேப்பாங்க. இஎம்டி ஒரு செமஸ்டர்ல முடியும். மெடிக்கல் அசிஸ்டெண்ட் கோர்ஸ் பல இடத்துல ஒரு வருஷத்த ஒட்டி இழுக்கும், அது போக கிளினிக் வேலை பகல் நேரத்துலதான் இருக்கும், அனாட்டமி லேப் இருக்க நாள்ல என்ன பண்றதுன்னு தெரியாம நான் அத விட்டுட்டேன். ஸ்க்ரைபுக்கு லைசன்ஸ் எதுவும் வேணாம், சேந்ததும் அவங்களே சொல்லிக் குடுத்துடுவாங்க.

எல்லாரும் இதத்தான் பேசுவாங்க, ஆனா எனக்கு முடிவ மாத்துனது வேற ஒண்ணு. காஸ்பால, அதாவது பிஏ ஸ்கூல்களுக்குப் பொதுவா ஆன்லைன்ல போடற அப்ளிகேஷன்ல, 'பேஷண்ட் கேர்'னு ஒரு தலைப்பு, 'ஹெல்த்கேர்'னு இன்னொரு தலைப்பு, ரெண்டும் தனித்தனி. உங்க கையால நோயாளிக்கு நேரடியா செஞ்சது முதல்ல வரும், பக்கத்துல இருந்து செஞ்ச மத்த வேலையெல்லாம் ரெண்டாவதுல. ஒரே மணி நேரத்த ரெண்டுலயும் போட முடியாது. நிறைய ஸ்கூல் 500, 1000, சிலது 2000 மணின்னு கேக்கறது அந்த முதல் தலைப்புலதான். ஸ்க்ரைப் வேலைய சில ஸ்கூல் பேஷண்ட் கேர்னு ஏத்துக்கும், சிலது ஏத்துக்கவே ஏத்துக்காது. நான் இத விசாரிக்காம ஸ்க்ரைபா சேந்து கிட்டத்தட்ட 600 மணி நேரம் ஓட்டுனதுக்கு அப்புறம்தான், என் லிஸ்ட்ல இருந்த பாதி ஸ்கூல் அத ஹெல்த்கேர்லதான் போடச் சொல்லுதுன்னு தெரிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

ஸ்கூல்காரங்க ஏன் இதுல இவ்ளோ கறாரா இருக்காங்கன்னா, பிஏ தொழிலோட தொடக்கமே அப்படித்தான். 1965ல டியூக் யூனிவர்சிட்டில டாக்டர் யூஜின் ஸ்டெட் முதல் பிஏ வகுப்புக்கு எடுத்த நாலு பேருமே நேவில கார்ப்ஸ்மேனா, அதாவது கடற்படை மருத்துவ உதவியாளரா இருந்தவங்க, நோயாளியத் தொட்டு வேலை பாத்துப் பழகுன கை. கை பழகிட்டு வா, மீதிய நாங்க சொல்லித் தரோம்ங்கறதுதான் கணக்கு.

அந்தப் பழக்கம் சிஎன்ஏ வேலைல எப்படி வரும்னு ஒண்ணு சொல்றேன். ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் விழுந்துபோன ஒரு தாத்தாவ நான் பாத்துக்கிட்டேன். சட்டை மாட்டும்போது பலமில்லாத கை முதல்ல, கழட்டும்போது நல்ல கை முதல்ல, இது ஸ்கில்ஸ் எக்ஸாமுக்கு வேற மனப்பாடம் பண்ணது. ஆனா ஒரு மாசம் தினமும் மாட்டி விட்டப்பதான் அந்தத் தோள எவ்ளோ தூரம் தூக்குனா அவர் முகம் சுருங்குதுன்னு தெரிஞ்சுது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க திருப்பிப் படுக்க வைக்கணும். ஒரு நாள் அப்படித் திருப்பும்போது இடுப்புக்குக் கீழ ஒரு ரூபா காசு அளவுக்கு செவப்பா இருந்துச்சு, அமுக்கிப் பாத்தா வெளுக்கல. உடனே நர்ஸக் கூப்பிட்டேன், படுக்கைப் புண்ணோட ஆரம்பம்னு சொல்லி அன்னைக்கே மெத்தைய மாத்துனாங்க. இந்தக் கண்ணு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எனக்கு வந்திருக்காது.

கஷ்டத்தையும் சொல்லணும். நான் இருந்த நர்சிங் ஹோம்ல (நம்ம ஊர் சின்ன ஆஸ்பத்திரி இல்ல, வயசானவங்கள, முடியாதவங்கள ரொம்ப நாள் வச்சுப் பாத்துக்கற இடம்) ஆள் எப்பவும் பத்தாது, ரெண்டு பேர் தூக்க வேண்டியவங்கள தனியா தூக்கி எனக்கு முதுகு பிடிச்சு ஒரு வாரம் படுத்துட்டேன், லிஃப்ட் மெஷின் வர்ற வரைக்கும் காத்திருங்க, யார் அவசரப்படுத்தினாலும் சரி. வீட்லயும் சும்மா விட மாட்டாங்க. திருச்சில இருந்து அப்பா ஃபோன்ல "இவ்ளோ படிச்சுட்டு ஆயா வேலையாம்மா?"ன்னு கேட்டப்ப பதில் சொல்ல வரல, அழுகைதான் வந்துச்சு. இப்ப அவரே அந்த ஸ்ட்ரோக் தாத்தா எப்படி இருக்கார்னு கேக்கறார்.

ஸ்க்ரைப் வேலை வீண்னு சொல்லல. டாக்டர் எந்த வரிசைல கேள்வி கேக்கறார், எத முதல்ல சந்தேகப்படுறார்ங்கறது அங்கதான் புரிஞ்சுது. சிபாரிசு லெட்டரும் சுலபமா கிடைச்சுது. நர்சிங் ஹோம்ல ஒரு பிஏவ கண்ணால பாக்கறதே அபூர்வம், ஷேடோயிங்குக்கு, அதாவது ஒரு பிஏ கூடவே இருந்து அவர் வேலைய கவனிக்கறதுக்கு, நான் வெளில தனியா அலைஞ்சேன். அதனால முடிஞ்சா ஹாஸ்பிடல்லயே சிஎன்ஏ வேலை தேடுங்க.

இஎம்டி நான் பண்ணல, ஃப்ரெண்ட் சொன்னத வச்சுதான் சொல்றேன். அவன் சேந்தது ஒரு ப்ரைவேட் ஆம்புலன்ஸ் கம்பெனி, பாதி நாள் டயாலிசிஸ் பேஷண்ட்ட கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்ற ட்ரிப்தானாம். 911க்கு கூப்பிட்டா அவசரத்துக்கு ஓடுற ஆம்புலன்ஸ்ல இடம் கிடைச்சா கதை வேற, தனியா நின்னு முடிவெடுக்கற தைரியம் அதுல வரும்னு அவன் சொல்றான், நானும் நம்புறேன்.

காசு இல்லன்னு தயங்குறவங்களுக்கு ஒண்ணு: நர்சிங் ஹோம் உங்கள வேலைக்கு எடுத்துட்டா ட்ரெயினிங்குக்கு உங்ககிட்ட காசு வாங்கக் கூடாது. சொந்தக் காசுல கோர்ஸ் முடிச்சு 12 மாசத்துக்குள்ள மெடிகேரோ மெடிகெய்டோ (ரெண்டும் அரசாங்க மருத்துவ இன்சூரன்ஸ்) எடுத்துக்கற நர்சிங் ஹோம்ல சேந்தாலும் செலவு திரும்பக் கிடைக்க வழி இருக்கு, இன்டர்வியூலயே கேட்டுடுங்க.

அந்தத் தங்கச்சிகிட்ட கடைசியா சொன்னது இதான். அப்ளை பண்ணப் போற பத்து ஸ்கூலோட பக்கத்தயும் திறந்து, ஸ்க்ரைப் மணிய எதுல சேக்கறாங்கன்னு ஒரு நோட்டுல எழுது, எழுதிட்டு அப்புறமா அந்த எமர்ஜென்சி ரூம்காரங்களுக்கு பதில் சொல்லு. ஞாயித்துக்கிழமை நோட்டோட வரேன்னு சொல்லியிருக்கா.