பெற்றோர் பயிற்சித் திட்டங்கள்: எதில் சேரலாம், எதைத் தவிர்க்கலாம்?

பிள்ளை வளர்ப்புப் பயிற்சியில் சேரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பாடத்திட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்பதல்ல. பெற்றோரை அங்கேயே செய்து பார்க்க வைப்பார்களா என்பதுதான். 7 வயது வரையிலான குழந்தைகளின் பெற்றோருக்கான பயிற்சிகள் குறித்த 77 ஆய்வுகளைத் தொகுத்து அலசிய கட்டுரை ஒன்று 2008இல் வெளிவந்தது. சொந்தப் பிள்ளையோடு வகுப்பிலேயே பழக வைத்த பயிற்சிகள் கூடுதல் பலன் தந்தன என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. சந்தையில் உள்ள பல வகுப்புகள் இந்த ஒரு கேள்வியிலேயே தோற்றுவிடும்.

இந்த அளவுகோலில் முதலிடம் பிசிஐடி எனப்படும் பெற்றோர்-குழந்தை ஊடாட்டச் சிகிச்சைக்கு (Parent-Child Interaction Therapy). ஷீலா ஐபெர்க் 1970களில் உருவாக்கிய சிகிச்சை முறை இது. பெரும்பாலும் 2 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கானது. அறைக்குள் பெற்றோரும் குழந்தையும் விளையாடுவார்கள். கண்ணாடிக்கு மறுபுறம் இருக்கும் சிகிச்சையாளர், பெற்றோரின் காதில் உள்ள கருவி வழியே அந்தந்த நொடியில் திருத்துவார். முதல் கட்டத்தில் தேர்ச்சிக்கு எண்ணிக்கையே உண்டு: 5 நிமிடத்தில் எதற்கென்று சொல்லிப் பாராட்டுவது 10 முறை, குழந்தை சொன்னதைத் திருப்பிச் சொல்வது 10 முறை, அது செய்வதை வாய்விட்டு விவரிப்பது 10 முறை. கேள்வி, கட்டளை, குறைகூறல் மூன்றும் சேர்ந்தே 3-ஐத் தாண்டக்கூடாது.

கேட்க எளிதாக இருக்கும். செய்யும்போதுதான் நாக்கு இடறும். "நல்ல பிள்ளை" என்பது கணக்கில் வராது; எது நல்லது என்று குழந்தைக்குத் தெரியவில்லையே. "பென்சிலை எடுத்த இடத்துலயே வச்சுட்டே, ரொம்ப நல்லது" என்றால் வரும். "இது என்ன கலர்?" என்ற கேள்வி விளையாட்டைப் பரீட்சையாக்கிவிடும். எல்லாவற்றிலும் மோசமானது பாராட்டுக்கு வால் ஒட்டுவது: "அழகா அடுக்கிட்டே, தினமும் இப்படிச் செஞ்சா என்னவாம்?" குழந்தையின் காதில் விழுவது பின்பாதி மட்டும்தான். இரண்டாம் கட்டம் கட்டளைகள். ஒரு நேரத்தில் ஒன்று, நேரடியாக, சொல்லிவிட்டு 5 நொடி காத்திருக்க வேண்டும். "பொம்மையை எடுத்து வைக்கிறியா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதும் நியாயமான பதில்தானே!

வீட்டில் தினமும் 5 நிமிட விளையாட்டு கட்டாயம். அதைச் செய்யாதவர்களுக்குப் பயிற்சி மாதக்கணக்கில் இழுக்கும், ஏனென்றால் இங்கே நாள் கணக்கு கிடையாது, தேர்ச்சிதான் கணக்கு. கடுமையான அடம், அடிதடி என்று இருக்கும் குழந்தைக்கு இதுவே சரி. சாதாரணச் சண்டித்தனத்துக்கு இவ்வளவு தேவையில்லை.

குழுவாகக் கற்க விரும்புவோருக்கு எங்கள் தேர்வு, கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய இன்கிரெடிபிள் இயர்ஸ். சிறு காணொளிகளைப் பார்த்துப் பேசி, நடித்துப் பழகும் முறை. மழலையர் பெற்றோருக்கான அடிப்படை வகுப்பு வாரம் 2 மணி நேரமாக 18 முதல் 20 வாரம் வரை நீளும். முதல் வாரங்கள் முழுக்க விளையாட்டும் பாராட்டும்தான். "அடத்தை நிறுத்த வழி கேட்டு வந்தா, விளையாடச் சொல்றாங்க" என்று அலுத்து விலகுவோர் இந்த இடத்தில்தான் விலகுகிறார்கள். ஆனால் அந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பெற்றோரின் கவனம் குழந்தைக்கு இனித்தால்தான், அதைச் சற்று விலக்கிக்கொள்வது உறைக்கும். அடித்தளம் இல்லாமல் டைம் அவுட்டை (அடம்பிடிக்கும் குழந்தையைச் சற்று நேரம் கவனிக்காமல் தனியே உட்கார வைப்பது) மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் அது வெறும் தண்டனைதான்.

டைம் அவுட் பற்றி நல்ல பயிற்றுநர் சொல்லியே ஆக வேண்டியவை சில. முன்னெச்சரிக்கை ஒரே ஒரு முறை. சில நிமிடங்கள் போதும், நேரத்தை நீட்டினால் பலன் கூடாது. அந்த நேரத்தில் உபதேசம் செய்தால், கொடுக்கக்கூடாத கவனத்தைக் கொடுத்ததாக ஆகிவிடும். அடத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்கத் தொடங்கிய முதல் நாட்களில் அழுகை குறையாது, கூடும். அது உச்சத்துக்குப் போனதும் பெற்றோர் இறங்கிவந்தால், இன்னும் சத்தமாகக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்தது போலாகிவிடும். வீட்டில் ஒருவர் மறுத்ததை இன்னொருவர் கொடுத்தாலும் இதே கதி. இதை முன்கூட்டியே எச்சரிக்காத வகுப்பில் படித்தவர்கள் இரண்டாம் வாரமே "நம்ம பிள்ளைக்கு இதெல்லாம் சரிவராது" என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் மேத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய ட்ரிபிள் பி என்ற பெற்றோர் பயிற்சித் திட்டம் 5 நிலைகள் கொண்டது. பொதுத் தகவலில் தொடங்கித் தீவிரப் பயிற்சி வரை போகும். தேவையான அளவு மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. தூங்க மறுப்பது போன்ற ஒற்றைச் சிக்கலுக்குக் கீழ்நிலைகளே போதும். ஆனால், இதன் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் திட்டத்தோடு தொடர்புடையவர்களே எழுதியிருப்பதை 2012இல் வந்த ஒரு மீளாய்வு சுட்டிக்காட்டியது. விளம்பரத்தில் வரும் "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லை அந்த நினைவோடு படிக்கலாம்.

கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும், உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து உருவாக்கிய பேரண்டிங் ஃபார் லைஃப்லாங் ஹெல்த் இருக்கிறது. 2 முதல் 9 வயதுக்கும் பதின்வயதினருக்கும் தனித்தனிக் கையேடுகள், இலவசம். நடத்துபவருக்குப் பயிற்சி இல்லாவிட்டால் அதுவும் சொற்பொழிவாகச் சுருங்கிவிடும்.

குழந்தைக்குப் பேச்சு தாமதமாகிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால், முதலில் வளர்ச்சிப் பரிசோதனை. வகுப்பு அதற்குப் பிறகு. வீட்டில் வன்முறை இருந்தாலோ, பெற்றோரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருந்தாலோ, வகுப்பு மட்டும் போதாது.

சேரும் முன் கேளுங்கள்: குழுவில் எத்தனை பேர்? 14-க்கு மேல் என்றால் நடித்துப் பழக எல்லோருக்கும் வாய்ப்பு வராது. வீட்டுப் பயிற்சியை ஒவ்வொரு வாரமும் யார் விசாரிப்பார்கள்? தவறவிட்ட வகுப்பை ஈடுசெய்ய வழி உண்டா? பதில் மழுப்பலாக வந்தாலும், அரங்கம் நிறைய ஆளைக் கூட்டி ஒரே நாளில் முடித்துச் சான்றிதழ் தருகிறார்கள் என்றாலும், பணம் கட்ட வேண்டாம்.