குஷன் கடைக்குச் சொந்த ஃபோம் கொடுப்பவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குறிப்பாக சாட்ஸ்வொர்த் பக்கம், குஷன் வேலைக்கு ஏதாவது கொடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் கொடுத்த ஃபோமைக் கடைக்காரர் மாற்றிவிட்ட விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் கடைப் பெயரைப் போடவில்லை. சோபாவோ கார் சீட்டோ, கொடுப்பது எதுவாக இருந்தாலும் இதே கதைதான் நடக்கும்.

எங்கள் வீட்டில் 7 மாதமாக ஒரு கோ-கார்ட், அதாவது எஞ்சின் வைத்த சின்னத் திறந்த வண்டி, உருவாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வீட்டு அங்கிளுக்கு வெல்டிங் தெரியும், சதுரக் குழாய்ச் சட்டம் அவர் கைவேலை. எஞ்சின், பழைய தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய ஹோண்டா ஜிஎக்ஸ்200. செயினும் பிரேக்கும் மகன் பொறுப்பு, பெயிண்ட் மகள், பணம் நான். இரண்டு சீட்டையும் 9 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் நாங்களே அறுத்தோம். கார்ட்டுக்கு சஸ்பென்ஷன் கிடையாது, தரையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் நேராக முதுகெலும்புக்குத்தான் வரும், ஆகவே ஃபோமில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்று 50 மில்லிமீட்டர் தடிமனில் நல்ல அடர்த்தியான மஞ்சள் ஃபோமை 640 ராண்டுக்கு நானே வாங்கி வெட்டி வைத்தேன். வெட்டிய துண்டுகளில் மகள் நீலப் பேனாவால் பெரிதாகச் சிரிக்கும் முகம் வரைந்துவிட்டாள். அன்றைக்குத் திட்டினேன். இப்போது எனக்கு இருக்கும் நல்ல சாட்சியே அந்த முகம்தான்.

ரெக்ஸின் தையல் வீட்டு மிஷினில் ஓடாது என்று பயந்து கடைக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் "வணக்கம், சாப்பிட்டாச்சா" என்றார் கடைக்காரர். ஐந்து தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பமாம், அவருக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான், ஆனாலும் எனக்கு உருகிவிட்டது. நம்ம ஆள் என்ற ஒரே காரணத்துக்காக ஒழுங்கான ரசீது கேட்கவில்லை. இரண்டு சீட்டுக்கு 1,900 ராண்ட், முன்பணம் 1,000, ஒரு வாரத்தில் தருகிறேன் என்றார்.

ஒரு வாரம் ஐந்து வாரமானது. போன் செய்தால் "ஜஸ்ட் நவ்". இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும், அதற்கு 'இப்போதே' என்று அர்த்தமில்லை, சாயங்காலமாகவும் இருக்கலாம், அடுத்த மாதமாகவும் இருக்கலாம். ஜூலை பள்ளி விடுமுறையில் ஓட்ட வேண்டும் என்பதுதான் எங்கள் திட்டம், விடுமுறை முடிய நாலு நாள் இருக்கும்போது சீட் கைக்கு வந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது, மீதி 900 ராண்டையும் எண்ணிக் கொடுத்துவிட்டேன்.

முதல் ஓட்டத்திலேயே மகள் "அப்பா, சீட்ல எறும்பு கடிக்குது" என்று நெளிந்தாள். மகன் சீட்டில் ஓரத் தையல் தபால்தலை கிழிகிற மாதிரி கோடாகக் கிழிந்து வந்தது. தையலை ரொம்ப நெருக்கமாகப் போட்டால் ரெக்ஸினில் ஊசி ஓட்டை வரிசையாக விழுந்து அப்படித்தான் பிய்யும் என்று அங்கிள் சொன்னார். சரி, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரால் ஸ்டேப்பிள் பின்களை நெம்பி எடுத்தோம்.

எறும்பு கடித்த காரணம் உடனே தெரிந்தது. 9 மில்லிமீட்டர் பலகைக்கு 14 மில்லிமீட்டர் பின் அடித்திருக்கிறார்கள். கீழிருந்து அடித்த பின் பலகையைத் துளைத்து மேலே முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது, விரலை வைத்துத் தடவினால் ரத்தம் வரும். அதற்கு மேலே இருந்தது என் ஃபோம் இல்லை. சிவப்பு, பச்சை, சாம்பல் என்று கழிவு ஃபோமைத் தூளாக்கி அழுத்தி ஒட்டிய சிப் ஃபோம், நடுவில் யாரோ ஒருவருடைய பழைய மெத்தையின் பூப்போட்ட துணித் துண்டு வேறு. சிப் ஃபோம் சாதாரண ஃபோமைவிடக் கனமாகவே இருக்கும், கையில் தூக்கிப் பார்த்தால் 'ஆகா, நல்ல சரக்கு' என்று தோன்றும், நான் ஏமாந்ததும் அங்கேதான். அரை மணி நேர அதிர்விலேயே ஓரமெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

திரும்பப் போய்க் கேட்டேன். ஃபோம் எல்லாம் ஒன்றுதான், இது இன்னும் உசத்தி என்றார். முகம் எங்கே என்று கேட்டதற்கு, பசையில் மை கரைந்திருக்கும் என்றார். மை கரையட்டும், மஞ்சள் ஃபோம் பல நிறமாக எப்படி மாறும்? அதற்கு பதில் இல்லை. வணக்கமும் இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடிப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 65ஆம் பிரிவு, வாடிக்கையாளர் ஒப்படைத்த பொருளைக் கடைக்காரர் தன் சொத்துபோல நடத்தக் கூடாது, தொலைந்தால் அவரே பொறுப்பு என்கிறது. 67ஆம் பிரிவு இன்னும் நல்லது: பழுது பார்க்கும்போது கழற்றிய பாகங்களை, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, தனியாக எடுத்துவைத்து சுத்தமான பையிலோ பெட்டியிலோ திருப்பித் தர வேண்டுமாம். இது தெரிந்திருந்தால் மிச்சத் துண்டுகளை அன்றைக்கே கேட்டிருப்பேன். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரை வக்கீல் இல்லாமல் நாமே போகலாம், அதற்கு முன்னால் எழுத்து மூலம் 14 நாள் கெடு கொடுக்க வேண்டும். ரசீது இல்லாவிட்டாலும், ஃபோமைக் கொடுத்த அன்று மகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பியிருந்தேன், நல்லவேளை.

சீட்டை மனைவி வீட்டு மிஷினிலேயே தைத்துவிட்டாள். தோல் தைக்கிற ஊசி, பாலியெஸ்டர் நூல், பெரிய தையல், அவ்வளவுதான் சங்கதி. மூன்று ஊசி உடைந்தது. ஸ்டேப்பிள் பின் இந்த முறை 8 மில்லிமீட்டர்.

அந்த 14 நாள் கெடு கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, இன்னொரு பிரதியில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிவந்தேன். இன்றைக்கு ஒன்பதாவது நாள்.