வைரம், மாணிக்கம், நீலம், மரகதம்: கொடுத்த பணத்துக்கு எது தகும்?

ரத்தினக் கல் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ‘காரட் என்ன விலை?’ என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். காரட் என்பது 0.2 கிராம் எடை, அவ்வளவுதான். மாணிக்கத்தின் அடர்த்தி ஏறத்தாழ 4.0, வைரத்துக்கு 3.52, மரகதத்துக்கோ 2.7 அளவே என்பதால், ஒரே எடையுள்ள மரகதம் மாணிக்கத்தைவிடப் பருமனில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு இருக்கும். காரட் விலையை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது, பஞ்சையும் இரும்பையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பது போன்றது. இந்த நான்கு கற்களையும் மோதிரத்தில் பதித்து அணிந்தும், பத்து மடங்கு லென்ஸில் பார்த்தும் நான் வந்தடைந்த மதிப்பீடு இது.

விலை ஒழுங்கு மிகுந்தது வைரம். நிறத்துக்கு டி முதல் இசட் வரை தரவரிசை உண்டு. தெளிவு, பட்டை, எடை ஆகியவற்றுக்கும் ஏற்கப்பட்ட அளவுகோல்கள் உண்டு. இவற்றை வைத்து வணிகர்கள் ஒப்பிடும் விலைப்பட்டியலும் 1978 முதல் வெளிவருகிறது. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று பழந்தமிழ் வகுத்த நான்கு குற்றங்களைத்தான் இன்றைய சான்றிதழ் வேறு சொற்களில் சொல்கிறது என்றுகூட எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே கரிமப் படிகம்தான். வெறுங்கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. 2018-இல், இயற்கை வைர வணிகத்துக்குப் பெயர்போன டி பியர்ஸ் நிறுவனமே அத்தகைய வைரங்களைக் காரட் 800 டாலருக்கு விற்க முன்வந்தது. அழகுக்காக மட்டும் வாங்குபவர் இயற்கை வைரத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு இப்போது வலுவான காரணம் இல்லை என்பது என் கருத்து.

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம், இரண்டும் குருந்தம். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இருப்பினும் பெரிய, தெளிவான படிகங்கள் நீலத்தில் கிடைக்கும் அளவுக்கு மாணிக்கத்தில் கிடைப்பதில்லை. விலை பிரியும் முதல் இடம் அதுவே. இரண்டாவது இடம் நெருப்பு. சந்தையில் உள்ள குருந்தங்களில் பெரும்பாலானவை நிறத்தையும் தெளிவையும் கூட்டுவதற்காகச் சூடேற்றப்பட்டவை. இது நிலையான மாற்றம் என்பதால் சொல்லி விற்றால் குற்றமில்லை. சூடேற்றாத நல்ல கல்லுக்கு விலை பல மடங்கு ஏறுவதும் நியாயமே. ஆனால் விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் முற்றிலும் வேறு சரக்கு. எலுமிச்சைச் சாறும், மோதிரத்தைப் பழுதுபார்க்கும் பொற்கொல்லரின் தீச்சுடரும் அதைக் கெடுக்கப் போதும். லென்ஸில் காற்றுக் குமிழ்களும், கல்லைத் திருப்பும்போது நீலப் பளிச்சிடலும் தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது, பிறந்த ஊர். 2015-இல் ஜெனீவாவில் 25.59 காரட் பர்மிய மாணிக்கம் ஒன்று 3 கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. 2023-இல் நியூயார்க்கில் மொசாம்பிக்கின் 55.22 காரட் மாணிக்கம் 3.48 கோடி டாலர் பெற்றது. எடை இரு மடங்குக்கு மேல் இருந்தும், ஒரு காரட்டுக்கான விலையில் பின்னது முன்னதில் ஏறக்குறைய பாதிதான். வேறுபாடு முழுவதையும் ஊர்ப்பெயர்மீது ஏற்றிவிட முடியாது. ஆனாலும் பர்மா என்ற பெயருக்குத் தனி விலை உண்டு என்பதை வணிகர் எவரும் மறுக்கமாட்டார். அணிந்து மகிழ்வதற்காக வாங்குபவர் அந்தப் பெயருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மரகதத்தை நான் மிகவும் விரும்புகிறேன், மிகக் குறைவாகப் பரிந்துரைக்கிறேன். வைரத்துக்கு 10 என வைக்கும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7.5 முதல் 8 வரை; உட்கீறல்கள் அதன் இயல்பு; அவற்றை மறைக்க எண்ணெயோ பிசினோ ஊட்டுவது வணிக வழக்கம். என் மோதிரத்தை ஒரு கடையில் மீயொலிக் கருவியிலிட்டுச் சுத்தம் செய்து தந்தார்கள். எண்ணெய் வெளியேறி, அதுவரை கண்ணுக்குத் தெரியாதிருந்த கீறல்கள் வெண்கோடுகளாகத் தெரிந்தன. மீண்டும் எண்ணெய் ஊட்டிச் சரிசெய்ய முடிந்தது என்றாலும், அன்றிலிருந்து மரகதத்தைக் காதணியாகவோ பதக்கமாகவோதான் வாங்கச் சொல்கிறேன். சான்றிதழில் எண்ணெயின் அளவு ‘சிறிது’ என்றிருக்கிறதா, ‘மிகுதி’ என்றிருக்கிறதா என்பதே விலையைத் தீர்மானிக்க வேண்டும்.

இந்த நால்வர் அணியில் இல்லாத ஸ்பைனல் என்ற ரத்தினக் கல்லையும் சொல்லாமல் விட மனமில்லை. கடினம் 8, பெரும்பாலும் சூடேற்றப்படாமலே விற்பனைக்கு வருகிறது. பிரிட்டன் அரச மகுடத்தில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்ற பெயரில் ஒளிரும் கல் உண்மையில் சிவப்பு ஸ்பைனல்தான். டான்சனைட் என்ற நீல ஊதாக் கல்லும் நிறத்தில் மயக்கும். ஆனால் அன்றாட மோதிரத்துக்கு மென்மை அதிகம்.

நாள்தோறும் அணிய ஒரே ஒரு கல் என்றால், சூடேற்றப்பட்டது என்று சான்றிதழ் தெளிவாகச் சொல்லும் நடுத்தர நீலத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். கடினம் 9, வைரத்தைப் போல ஓங்கிய அடியில் பிளவுத்தளத்தில் பிளந்துபோகும் இயல்பும் அதற்கு இல்லை. சிவப்புதான் வேண்டும் என்பவர், மாணிக்கத்துக்கு முன் ஸ்பைனலைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும்.