கிராங்கி அங்கிள் கேம்: பெரியப்பாவோட உக்காந்து ஆடிப் பாத்தேன்

எங்க பெரியப்பா ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல கிளைமேட் பத்தி யாரு எதைப் போட்டாலும் அவர்கிட்ட ஒரே பதில்தான். "2003 மே 31, மெட்ராஸ்ல 45 டிகிரி. அதுக்கப்புறம் எந்த வருஷமாவது அதைத் தாண்டிச்சா? அப்ப சூடு எங்கம்மா ஏறுது?" அவர் சொல்ற அந்த நாள் நெஜம்தான், நுங்கம்பாக்கம் ரெக்கார்டு அது. நம்பர் சரியா இருக்கே, ஆனா எங்கயோ தப்பா இருக்கேன்னு எனக்கு ரொம்ப நாளா பிடிபடவே இல்ல.

அது என்னன்னு எனக்குப் புரிய வச்சது இந்த 'கிராங்கி அங்கிள்' (சிடுமூஞ்சி மாமா) கேம்தான். பண்ணவர் ஜான் குக், ஆஸ்திரேலியாக்காரர், கிளைமேட் பத்தின தப்பான வாதங்களுக்குப் பதில் சொல்ற ஸ்கெப்டிகல் சயின்ஸ் வெப்சைட்டை 2007ல ஆரம்பிச்சவர். ஆராய்ச்சிக்கு வர்றதுக்கு முன்னாடி கார்ட்டூன் வரைஞ்சிட்டு இருந்தாராம், அதனால கேமும் கார்ட்டூனாவே இருக்கு. 2020 டிசம்பர்ல வந்தது, ஃப்ரீ, போன்லயும் ஓடும் ப்ரௌசர்லயும் ஓடும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, நமக்கு யாரும் கிளைமேட் பாடம் எடுக்கறதில்ல. எதையும் ஒத்துக்காத சிடுசிடு மாமா ஒருத்தர் வந்து நம்மளையும் அவர மாதிரியே ஆக்கப் பாக்கறாரு, அதுக்கு அஞ்சு வித்தை சொல்லித் தர்றாரு: போலி நிபுணர், கோணல் லாஜிக், நடக்கவே முடியாத ஆதாரம் கேக்கறது, வேணுங்கற நம்பரை மட்டும் பொறுக்கறது, எல்லாம் சதின்னு சொல்றது. அப்புறம் க்விஸ், இந்தப் பேச்சுல எந்த வித்தை இருக்குன்னு நாம கண்டுபிடிக்கணும், பாயின்ட் ஏற ஏற நாமளும் பெரிய சிடுமூஞ்சி ஆயிடறோம். தடுப்பூசி போடற மாதிரிதான், பொய்யைக் கொஞ்சமா வீரியம் கொறச்சு முன்னாடியே காட்டிட்டா அப்புறம் நெஜமா வரும்போது மனசு ஏமாறாது. வில்லியம் மெக்வயர்னு ஒரு உளவியல் அறிஞர் 1960கள்லயே சொன்ன விஷயம் இது.

ஒரு ஞாயித்துக்கிழமை பெரியப்பா பக்கத்துல உக்காந்து ரெண்டு பேருமா ஆடினோம். இங்கிலீஷ்ல ஆடினதால சில எடத்துல நான் தமிழ்ல சொல்ல வேண்டியிருந்துது. "பூமி எப்பவுமே மாறிட்டுதான் இருக்கு, அதனால இப்ப மாறறதுக்கும் மனுஷன் காரணம் இல்ல"ங்கற மாதிரி ஒண்ணு வந்தப்ப, "போன வருஷம் இடி விழுந்து கூரை எரிஞ்சுது, அதனால இந்த வருஷம் எரிஞ்சதுக்குப் பீடி காரணமா இருக்கவே முடியாதுன்னு சொன்னா ஒத்துப்பீங்களா பெரியப்பா?"ன்னு கேட்டேன், சிரிச்சிட்டாரு. பொறுக்கற வித்தை வந்தப்ப அவரே நிறுத்திட்டாரு. ஒரு நாள் மார்க்கை வச்சு ஒரு பையனோட பத்து வருஷப் படிப்பை எடை போட மாட்டேனேன்னு மெதுவாச் சொன்னாரு. 2003ஐ நான் இழுக்கவே இல்ல. அப்புறமாதான் 1901ல இருந்து 2018க்குள்ள இந்தியாவோட சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்குன்னும், 2024 வரைக்கும் பாத்தா உலகத்துலயே ரொம்ப சூடான பத்து வருஷம் 2015ல இருந்து வந்த பத்தும்தான்னும் காட்டினேன்.

அப்ப அவரு மே மாசம் மொட்டை மாடில பாய் போட்டுத் தூங்கினதைப் பத்தி பேச ஆரம்பிச்சாரு. இப்ப ஏசி இல்லாம முடியல. அதுல சிட்டி கான்கிரீட்டுக்கும் பங்கு இருக்குன்னு நானே சொல்லிட்டேன், அதை மறைச்சா நாமளும்தான் பொறுக்கறோம்.

ஆடப் போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், தயவுசெஞ்சு இதை லிங்க்கா பெரியவங்களுக்கு அனுப்பாதீங்க. பேரே சிடுமூஞ்சி மாமா, நம்மளைத்தான் சொல்றாங்கன்னு மனசு வருத்தப்படுவாங்க, கதவு மூடிக்கும். கூட உக்காந்து ஆடுங்க, நீங்களும் தப்பா பதில் சொல்லுங்க.

எங்க அம்மாவுக்கு ஆனா இது உதவாது. 2015 வெள்ளத்தையும் 2019 தண்ணிக் கஷ்டத்தையும் பாத்தவங்க, எல்லாத்தையும் நம்பறாங்க, "நம்மளால என்னடி பண்ண முடியும்"னுட்டு போயிடறாங்க. இந்த கேம் நம்பாதவங்களுக்குன்னு பண்ணது, அந்த வேலைக்கு அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அம்மா மாதிரி இருக்கறவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, நெஜமாவே கேக்கறேன்.