குரொஸ்லிங்கிங் செய்யக் கொழும்புக்குப் போகிறவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள்

கெரட்டோகோனஸ் என்ற கண் நோய் என்று சொல்லி, பிள்ளைக்கு அதற்கான குரொஸ்லிங்கிங் சிகிச்சை செய்யக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். என் தம்பிக்குக் கொழும்பில் ஒரு தனியார் கண் கிளினிக்கில் செய்தோம். செய்து முடித்ததும் அவர்களுடைய பொறுப்பும் முடிந்துவிட்டது. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் அவர்கள் சொன்ன பொய். "இதைச் செய்தால் தம்பிக்குக் கண்ணாடியே தேவைப்படாது, மூன்று நாளில் வேலைக்குப் போகலாம்" என்றார்கள். இந்தச் சிகிச்சை பார்வையைத் திருத்துவதற்கானது அல்ல. இந்த நோயில் கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளும். அது மேலும் தள்ளாமல் நிறுத்துவதற்குத்தான் இதைச் செய்கிறார்கள். கருவிழியின் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, விட்டமின் பி2 சொட்டை ஊறவிட்டு, புற ஊதா ஒளி பாய்ச்சுவார்கள். பழைய முறையில் சொட்டுக்கு 30 நிமிடம், ஒளிக்கு 30 நிமிடம். இப்போது ஒளியைக் கூட்டி நேரத்தைக் குறைத்தும் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் பெரும்பாலானவர்களுக்குக் கண்ணாடியோ கடின லென்ஸோ வேண்டும். முதல் சில வாரங்கள் பார்வை முன்பைவிட மங்கலாகவே இருக்கும். இதில் ஒரு சொல்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

செய்த அன்றே இரவு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மேல்தோல் இல்லாத கண், மேலே புண்ணை மூடிவைக்கிற ஒரு பண்டேஜ் லென்ஸ், கையில் மருந்துப் பை. மறுநாள் யாரிடம் காட்டுவது என்று கேட்டதற்கு, "வலித்தால் போன் பண்ணுங்கள்" என்றார்கள். கச்சான் காற்று அடிக்கும் காலம், கல்லடியில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்க மணல். தம்பி இருட்டறையில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தான். அம்மா பக்கத்தில் இருந்து "கண்ணைக் கசக்காத மனே" என்று சொல்லிக்கொண்டே இருந்தா.

ஒரு விடியற்காலை பார்த்தால் லென்ஸ் தலையணை உறையில் காய்ந்த மீன் செதில் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. கிளினிக்குக் கனதரம் அடித்த பிறகுதான் ஒரு பிள்ளை எடுத்தா. "சேலைனில் கழுவித் திரும்பப் போடுங்கள், பையில் உள்ள சின்னப் போத்தலை வலிக்கும்போதெல்லாம் விடுங்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டா. டொக்டரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று நான் சொல்லி முடிக்கவும் இல்லை.

லென்ஸை நான் திரும்பப் போடவில்லை. ஆனால் அந்தப் போத்தல் மருந்தை முதல் நாளிலிருந்தே விட்டு வந்தோம், அவர்கள் கொடுத்த மருந்துதானே. விட்ட உடனே வலி பறந்துவிடும், கொஞ்ச நேரத்தில் இரட்டிப்பாகத் திரும்பும். அன்றே போதனா வைத்தியசாலைக் கண் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டொக்டர் போத்தலைத் திருப்பிப் பார்த்தார். "இதை யார் வீட்டுக்குத் தந்தது?" என்றார். அது விறைப்பு மருந்து. சிகிச்சையின்போது டொக்டர் கையால் விடுவது. வீட்டில் திரும்பத் திரும்ப விட்டால் புண் மூடாது, கருவிழியே கரையத் தொடங்கலாம். தம்பிக்கு மூடியிருக்க வேண்டிய புண் அப்படியே திறந்து கிடந்தது. கிருமி பிடிக்கவில்லை என்பது கடவுள் புண்ணியம்.

அப்புறம் அவர் பழைய கருவிழிப் படத்தைக் கேட்டார். டொப்போகிராபி என்பார்களே, அது. கிளினிக் எங்களுக்குத் தரவே இல்லை. முந்தின படமும் பிந்தின படமும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நோய் நின்றதா கூடுகிறதா என்று தெரியும். வழக்கமான முறைக்குக் கருவிழி 400 மைக்ரோனாவது (0.4 மில்லிமீற்றர்) தடிப்பம் இருக்க வேண்டுமாம். தம்பியுடையது எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. காசு கட்டிய பரிசோதனை அது. படத்தைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

போவதற்கு முன்னமே கேளுங்கள்: முதல் வாரம் இங்கே எந்தக் கண் டொக்டர் பார்ப்பார், அவருக்குக் கடிதம் தருவீர்களா, பண்டேஜ் லென்ஸை யார் கழற்றுவது? புண் மூடியதைப் பார்த்துத்தான் அதைக் கழற்ற வேண்டும், பொதுவாக 3 முதல் 7 நாளில். ஸ்டீரொயிட் சொட்டை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்றும் எழுதி வாங்குங்கள், அது கண் அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. முதல் இரண்டு மூன்று நாள் வலி எல்லோருக்கும் இருக்கும். அதன் பிறகு வலி குறையாமல் கூடினால், கண்ணில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், பீளை தள்ளினால், போனில் யார் என்ன சொன்னாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தம்பியின் புண் இப்போது மூடிவிட்டது. லேசான மங்கல் இருக்கிறது, மாதக் கணக்கில் குறையும் என்கிறார்கள். கிளினிக்குக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போட்டிருக்கிறேன், படங்களையும் கேட்டிருக்கிறேன், பதில் இல்லை. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. சிகிச்சைக்குத் திகதி எடுத்து வைத்திருக்கிறவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.