மங்குச் சாமானும் மலாக்காச் செட்டியும்: புதுமொழி பிறக்கும் கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் மங்குச் சாமான் அடுக்கடுக்காக இருக்கும். வெள்ளை எனாமல் பூச்சு, நீல விளிம்பு. ஓரம் பெயர்ந்த இடத்தில் இரும்பு கறுத்துத் தெரியும். மலாயில் கிண்ணத்துக்கு ‘மங்குக்’ என்று பெயர். மலாய் நாட்டுக்குக் கொண்டுவிற்கப் போன நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகர், சாமானோடு சொல்லையும் கப்பலேற்றிவிட்டார்கள். ஆனால் அவர்களால் புதுமொழி எதுவும் பிறக்கவில்லை. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே போய், உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிய தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்காச் செட்டிகளுக்கோ, தமிழ்ச்சொல் விரவிய தனி மலாய் ஒன்று உண்டு. ஏன் இந்த வேறுபாடு?

புதுமொழி பிறக்கக் குழந்தைகள்தான் காரணம் என்பார் மொழியியலாளர் டெரெக் பிக்கர்டன். ஹவாய்க் கரும்புத் தோட்டங்களில் பெற்றோர் பேசிய அரைகுறைப் பேச்சை, பிறவியிலேயே அமைந்த இலக்கணத்தால் பிள்ளைகள் ஒரே தலைமுறையில் முழுமொழியாக்கினார்கள் என்று 1981இல் எழுதினார். கவர்ச்சியான வாதம், செட்டிநாட்டுக்கும் பொருந்துகிறது. வெளிநாட்டுக் கடையை நடத்திய மேலாளும் அவருக்கு அடுத்த நிலையிலிருந்த அடுத்தாளும் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்புகிறவர்கள், மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரில். மலாக்காவில்தான் வாதம் இடறுகிறது. அங்கே வீட்டிலும் சந்தையிலும் மலாய் தாராளமாகப் புழங்கியது. பிள்ளைகளுக்கு மொழிப் பஞ்சமே இல்லையே!

இன்னொரு மொழியியலாளர் சாலிகோகோ முஃப்வேனே இதை ஊருணி போலப் பார்க்கிறார் (உவமை என்னுடையது). எல்லா மொழிக் கூறுகளும் அதில் வந்து சேரும். எது நிலைக்கும் என்பதை யார் எத்தனை பேர், யாரோடு யார் பழகினார்கள் என்பதே முடிவு செய்யும். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது.

2015இல் அவரும் மூன்று இயற்பியலாளர்களும் இதைக் கணினியில் ஓட்டினார்கள். விதி எளிது: இருவர் சந்திக்கிறார்கள், ஒருவர் ஒரு சொல்லைச் சொல்கிறார். கேட்பவருக்கு அது தெரிந்திருந்தால் இருவரும் மற்றச் சொற்களைக் கைவிடுவார்கள்; தெரியாவிட்டால் கேட்டவர் அதைச் சேர்த்துக்கொள்வார். ஐரோப்பியர், கலப்பினத்தவர், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் என மூன்று பிரிவின் மக்கள்தொகை விவரத்தை மட்டும் ஊட்டியே, அமெரிக்க, கரீபியப் பகுதிகளில் எங்கே கிரியோல் மொழி (பல மொழிகள் கலந்து பிறக்கும் புதுமொழி) உருவானது, எங்கே உருவாகவில்லை என்பதைப் பெருமளவு சரியாகப் பிரித்துக் காட்டியது அது. செட்டியார் கடையில் பெட்டியடியில் போடும் துல்லியக் கணக்கும் தோற்றது!

ஆனாலும் அந்த விளையாட்டில் சொல் வெறும் சோழிதான். ‘மங்கு’ ஊர் ஊராகப் பரவுவதை அது எண்ணிவிடும். வந்த சொல் தமிழில் ‘மங்குச் சாமான்’ ஆனபோது நடுவில் ஒட்டிக்கொண்ட ‘ச்’ அதன் கண்ணில் படாது.